எண்ணிக் கொடுத்த அட்டைகள்

இரவு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து பவளம் இறங்கியபோது மணி ஏழு. லைன் வீடுகளின் முன்னால் குழாயடியில் குடங்கள் வரிசை கட்டியிருந்தன. தன் வீட்டு வாசற்படியில் யாரோ ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதைத் தெருமுனையிலேயே பார்த்துவிட்டாள். கிட்டே போன பிறகுதான் அது தன் தம்பி அண்ணாதுரை என்று தெரிந்தது. அவ்வளவு இளைத்திருந்தான்.

"என்னடா, ஒரு போன்கூடப் போடாம வந்து நிக்கிற?"

"சும்மாதேன் வந்தேன்க்கா. அத்தான் இல்லையா?"

"லாரி புனே போயிருக்கு. வர ஒரு வாரமாகும்."

அதைக் கேட்டதும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை அவள் கவனித்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் சுவரோரமாக இரண்டு சாக்கு மூட்டைகள் இருந்தன. அவள் கேட்பதற்கு முன்பே, "கருவாடு" என்றான்.

பவளத்துக்குக் கருவாட்டு வாசம் தெரியும். தொண்டிக்குத் தெற்கே கடலோரக் குப்பத்தில் பிறந்து இருபத்திரண்டு வயது வரைக்கும் அங்கேயே இருந்தவள் அவள். இது உப்பு மீனின் வாசம் இல்லை. வெந்த தோலும் விறகுப் புகையும் சேர்ந்த வாசம். ஓசூருக்கு வந்து பதினெட்டு வருஷமாக மூக்குக்கு எட்டாத வாசம். இருந்தாலும் ஒரே மூச்சில் தெரிந்துவிட்டது.

கதவைத் திறந்து, மூட்டைகளை உள்ளே இழுத்து, கதவைச் சாத்தினாள். அரிவாள்மணையில் கயிற்றை அறுத்தாள்.

"அதைத் தொடாதக்கா. பத்து மணிக்கு ஆள் வந்து எடுத்துக்கிட்டுப் போயிருவாக. ஒரு மூணு மணி நேரம் இங்க கிடந்தாப் போதும்."

அவள் கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளினாள். கடலடி மணலில் ஊர்ந்து கிடக்கும் கடல் அட்டைதான். குடல் எடுத்து, வேகவைத்து, காயப்போட்டு, கரிக்கட்டை மாதிரி இறுகிப் போன வெள்ளை அட்டை. ஆனால் அவள் பார்த்துப் பழகிய அட்டை காய்ந்து சுருங்கிய பிறகும் உள்ளங்கையை நிறைக்கும். இது அவள் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. இன்னும் ஆழமாகக் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான்.

"குஞ்சைப் பிடிச்சிருக்கியேடா" என்றாள்.

"பெருசு இருந்தாப் பெருசைப் பிடிச்சிருப்பேன்."

அட்டை பிடிக்கக் கூடாது என்று சர்க்கார் தடை போட்டபோது பவளத்துக்குப் பதினேழு வயது. யானைக்கும் புலிக்கும் என்ன சட்டமோ அதே சட்டம் இதற்கும் என்று மைக் கட்டிய ஜீப்பில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் பிறகும் இரண்டு மூன்று வருஷம் அவளும் அம்மாவும் வீட்டுப் பின்பக்கம் பீப்பாயில் போட்டு வேகவைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். மணலில் புதைத்து எடுத்து மேல்தோலைத் தேய்த்துக் கழுவுகிற வேலை அவளுடையது. ஒரு நாளைக்கு எத்தனை நூறு அவள் கையால் தேய்ந்தது என்பதற்குக் கணக்கே கிடையாது. அதனால் தம்பியைத் திட்டாமல் எழுந்து போனாள். அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டாள்.

அவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் பேசினான்.

"வலையைப் போட்டா வெறும் வலைதேன் வருது. பெரிய போட்டுக்காரன் இரட்டை மடி வலையை அடியில உட்டு இழுக்குறான். பாசி, சங்கு, பாருக் கல்லு, அட்டை எல்லாத்தையும் ஒண்ணா வழிச்சுட்டுப் போயிர்றான். அட்டை கூழாகி மடியிலருந்து ஒழுகும், பாத்திருக்கேன். அதை யாரும் கேக்க மாட்டாக. அப்புறம் வெயிலு. போன கோடையில கழுத்தளவுத் தண்ணி கையை வச்சாச் சுடுது. மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்ததெல்லாம் மேல வந்து, தோலு வெள்ளை வெள்ளையா உரிஞ்சு, குடலைக் கக்கிக்கிட்டுக் கிடந்துச்சு. இறால் பண்ணைத் தண்ணி வந்து விழுற பக்கம் ஒண்ணுகூடக் கிடையாது. அம்புட்டும் போக மிச்சம் இருந்ததைத்தேன் நான் எடுத்தேன்."

"மிச்சத்தை."

"ஆமா. மிச்சத்தை."

வெளியே வீட்டுக்கார அம்மா வெள்ளையம்மா குரல் கொடுத்தாள். "பவளம், உன் ஊட்டாண்ட எலி ஏதாவது செத்துக் கெடக்குதா பாரு. ஒரே நாத்தம்." பார்க்கிறேன் என்று பவளம் உள்ளேயிருந்தே பதில் சொன்னாள்.

சொன்னபடி பத்து மணிக்கு சிவராஜ் வந்தான். அத்திப்பள்ளிப் பக்கம் குடோன் வைத்திருப்பதாகத் தம்பி சொல்லியிருந்தான். முடியைப் படிய வாரி, சந்தனப் பொட்டு வைத்து, கோயிலுக்குப் போகிறவன் மாதிரி இருந்தான். உள்ளே வந்து சாக்கின் வாயைப் பிரித்தான். ஒன்றை எடுத்து இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தான். இன்னொன்று. இரண்டாவது மூட்டையிலும் பார்த்தான். அப்புறம் கையை மோந்து பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டான்.

"பேடாப்பா. வேணாம்."

"அண்ணே, போன்ல சரின்னு சொன்னீக."

"போன்ல சைஸ் தெரியுமா? இதை யார் வாங்குவா? வெளிநாட்டுக்காரன் இதைக் கையால தொட மாட்டான். கண்டெய்னர்ல இடம் தண்டம்."

"ரெண்டு மாசம்ணே. ஒவ்வொண்ணா முங்கி எடுத்தது."

"அது உன் கஷ்டம். நான் என்ன பண்ணட்டும்?" செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினான். "வீட்ல வெச்சுக்காதே, கேஸ் ஆயிடும். ராத்திரி ஏரியில கொட்டிட்டு ஊருக்குப் போ."

பைக் சத்தம் தெருவைத் தாண்டிப் போகும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள். அண்ணாதுரை தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அழவில்லை. பவளம் சிந்தியவற்றைப் பொறுக்கிச் சாக்கில் போட்டாள். எதற்கும் உதவாது என்று ஆகிவிட்ட பிறகு அவை இன்னும் சின்னதாகத் தெரிந்தன.

கொஞ்ச நேரம் கழித்து அவன் எழுந்தான். "ஏரி எந்தப் பக்கம்க்கா?"

"கொட்டப் போறியா?"

"வேற என்ன செய்ய?"

ஓசூர் ஏரிகளை பவளம் பார்த்திருக்கிறாள். சாக்கடையும் கம்பெனிக் கழிவும் சேர்ந்து சில நாள் சோப்பு நுரை மாதிரி மிதக்கும். அந்தத் தண்ணீரில் இவை ஊறிப் பெருத்து மிதப்பதை நினைத்தபடியே சாக்கின் வாயைச் சுருட்டி இறுக்கினாள்.

"ஃபாரஸ்ட் ஆபீசுல குடுத்துருவோம்" என்றாள்.

அவன் அவளை வெறித்துப் பார்த்தான். "உனக்குப் புத்தி பெரண்டுருச்சா? உள்ள வச்சுருவாக. வருஷக்கணக்குல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்ற? எனக்கு ரெண்டு பிள்ளை இருக்கு. சுப்ரியா என்ன செய்வா?"

"அண்ணாதுரை, இது செத்தது செத்ததுதான். ஆனா ஏரியில கொட்டிட்டா, இம்புட்டு இருந்துச்சுன்னுகூட ஒருத்தருக்கும் தெரியாது. கடல்ல எதுவுமே நடக்கலன்னு ஆயிரும். நீ பாத்ததை நீ சொல்லலன்னா வேற யாருடா சொல்லுவா? மடிக்காரன் வந்து சொல்லுவானா, இப்ப வந்துட்டுப் போனவன் சொல்லுவானா?"

"நீ வேகவச்சதை நீ போய்ச் சொன்னியா?"

அந்தக் கேள்வி அவளை அறைந்தது.

"சொல்லல. அதனாலதான் இப்பச் சொல்லணும்ங்கிறேன்."

அவன் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனான். அவள் கூப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகிறான் என்று தெரிந்தது. மதுரை பஸ் எந்நேரமும் இருக்கும். சாக்குகளை அவளிடமே விட்டுவிட்டுப் போயிருந்தான்.

கதவை மூடிக்கொண்டு படுத்தாள். ராத்திரி முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்த கால் வலித்தது. தூக்கம் வரவில்லை. பதினொன்றரை மணிக்கு எழுந்து குளித்து, சேலை மாற்றி, ஆட்டோ பிடித்து மூட்டைகளை ஏற்றினாள்.

வன அலுவலகத்தில் அப்போது இருந்தவர் வனவர் தீர்த்தகிரி. நாட்றாம்பாளையத்துக்காரர். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். ராகிக் கொல்லைகளில் இறங்கிய யானைகளை விரட்டியே தொண்டை கட்டிப்போன குரல். சாக்கிலிருந்து மேசை மேல் கொட்டியதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"இன்னாம்மா இது, கரியா?"

"கடல் அட்டை சார். வெள்ளை அட்டை."

அவர் பட்டென்று நிமிர்ந்தார். பேரைத் தெரிந்து வைத்திருந்தார். ஆனால் கண்ணால் பார்த்தது கிடையாது. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குக் கண்ணு, வாயி எல்லாம் உண்டா?"

"கண்ணு இல்ல சார். வாய் உண்டு."

"யார் எடுத்துனு வந்தது?"

"என் வீட்ல இருந்துச்சு சார்."

"அதான் சொல்லிட்டியே. ஊட்டுக்கு யாரு எடுத்துனு வந்ததுன்னு கேக்கறேன்."

பவளம் வாயைத் திறக்கவில்லை. தீர்த்தகிரி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சொல்லலன்னா உன் பேர்லதாம்மா எழுத வேண்டி வரும். புரியுதா?" அவள் தலையசைத்தாள். அவர் மேலதிகாரிக்குப் போன் போட்டுவிட்டு வந்து, "சரி, எண்ணணும். எடை போட்டா மட்டும் பத்தாது" என்றார்.

எண்ணினார்கள். பவளம் ஒரு பக்கம், தீர்த்தகிரி ஒரு பக்கம், நடுவில் ஒரு வாட்சர் பத்துப் பத்தாகப் பிரித்த குவியல்களை நூறாக்கிச் செய்தித்தாளில் வைத்துக்கொண்டே போனார். மேசை நிறைந்து, பெஞ்ச் நிறைந்து, தரைக்கு வந்தது. எழுநூறு தாண்டியபோது தீர்த்தகிரியின் கையில் இருந்த ஒன்று பிளந்து, உள்ளேயிருந்து மணல் கொட்டியது. பொடிப் பொடியாக, வெள்ளையாக, சலித்து எடுத்ததுபோல இருந்தது.

"உள்ள எப்புடிம்மா மண்ணு வந்துது?"

"அது தின்னதே அதுதான் சார். சரியாக் குடல் எடுக்காம விட்டிருக்காக." அவள் அந்த மணலை விரலால் ஒதுக்கிக் கூட்டினாள். "அடி மண்ணைத் தின்னு, அதுல இருக்கிற அழுக்கை மட்டும் எடுத்துக்கிட்டுச் சுத்தமான மண்ணை வெளிய விடும். வாழ்நாள் பூரா அதுதான் அதுக்கு வேலை. இது இல்லாத இடத்துல அடித்தரை நாறிப் போயிரும். அப்புறம் அங்க பாசியும் முளைக்காது, மீனும் தங்காது."

"மண்புழுவாட்டம்."

"ஆமா சார்."

அதற்கப்புறம் தீர்த்தகிரி அட்டைகளை எடுத்து வைக்கிற விதம் மாறியது. அதுவரை குவியலில் போட்டுக்கொண்டிருந்தவர், ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தார்.

எண்ணி முடிக்க மூன்றரை மணியாயிற்று. ஆயிரத்து அறுநூற்று நாலு. வாட்சர் உரக்கச் சொல்ல, தீர்த்தகிரி எழுதினார். எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் நிழல் விழுந்தது.

அண்ணாதுரை நின்றுகொண்டிருந்தான். சட்டையெல்லாம் வியர்வை. மதுரை பஸ்ஸில் ஏறி கிருஷ்ணகிரி வரை போனவன், டோல்கேட்டில் இறங்கி, கிடைத்த வண்டியில் திரும்பி வந்திருக்கிறான். வீட்டுக்குப் போய்ப் பூட்டைப் பார்த்தவுடன் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அவுகளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல சார்" என்றான். "எல்லாம் நான் பிடிச்சது."

தரையெல்லாம் நூறு நூறாக வைத்திருந்ததைப் பார்த்தவன் அங்கேயே நின்றுவிட்டான். கடலிலிருந்து எடுக்கும்போது அவை ஒரு நாளைக்கு இருபதும் முப்பதுமாகத்தான் வந்திருக்கும். அத்தனையையும் சேர்த்து அவனே அன்றைக்குத்தான் பார்த்தான். கால் வைக்க இடமில்லாமல், சுவரை ஒட்டி நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். தீர்த்தகிரி கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னான். எத்தனை பாகம் ஆழத்தில், கம்ப்ரசர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு எவ்வளவு நேரம், கூட முங்கிய ஒருவன் அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடப்பது, இரட்டை மடி, சுட்ட தண்ணீர், சிவராஜின் நம்பர். தீர்த்தகிரி ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். கடலையே பார்க்காத ஒருவர் கடலின் அடித்தரையை அத்தனை பக்கம் எழுதியதை பவளம் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

அன்று சாயங்காலம் அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். வழக்கில் முதல் சாட்சி பவளம்.

தம்பி மனைவி சுப்ரியா போனில் பேசியதை பவளத்தால் மறக்க முடியவில்லை. "கூடப் பிறந்தவளா நீ?" என்று தொடங்கி அவள் மூச்சு விடாமல் திட்டினாள். பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தம் கேட்டது. பவளம் போனைக் கீழே வைக்காமல் கடைசி வரைக்கும் கேட்டாள். லாரியோடு திரும்பி வந்த கணவன் மாதவன், விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீ செஞ்சது சரியா தப்பான்னு எனக்குச் சொல்லத் தெரியல" என்றான். அதற்கு மேல் அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சிவராஜின் நம்பர் அன்றே அணைந்து போயிருந்தது. அத்திப்பள்ளிக் குடோனில் காலி டிரம்கள்தான் இருந்தனவாம்.

நாற்பத்தாறு நாள் கழித்து அண்ணாதுரைக்கு ஜாமீன் கிடைத்தது. தினமும் காலை பத்து மணிக்கு ஓசூரில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. வேறு போக்கிடம் இல்லாமல் அக்கா வீட்டுக்கே வந்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு ராயக்கோட்டை பஸ் பிடித்துப் போய், தக்காளி மண்டியில் லாரிக்குக் கிரேட் ஏற்றிவிட்டு ஏழு மணிக்குத் திரும்புவான். போட்டதைச் சாப்பிடுவான். தட்டைக் கழுவி வைப்பான். பவளத்தோடு பேச மாட்டான். ஏதாவது வேண்டுமென்றால் மாதவனிடம் கேட்பான். பொங்கலும் அப்படியே போயிற்று.

தை மாசக் கடைசியில், பிடிபட்டது என்ன இனம் என்று சான்று தருவதற்காகக் கடல் ஆராய்ச்சி செய்கிற பிரியா என்ற பெண் ஓசூர் வந்தார். முப்பது வயதிருக்கும். வேலையை முடித்துவிட்டு, கையெழுத்துப் போட வந்த அண்ணாதுரையிடம் ஒரு வரைபடத்தை விரித்தார். அவன் எடுத்த இடங்களைக் குறித்துக் காட்டினான்.

"இன்னும் எங்கேயாவது பெருசு இருக்கா அண்ணா? முட்டையிடுற வயசுல?"

"இல்லம்மா" என்றான்.

அன்று அவன் மண்டிக்குப் போகவில்லை. சாயங்காலம் பவளம் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக, "அக்கா" என்றான்.

"பொய் சொல்லிட்டேன்க்கா. ஒரு இடம் இருக்கு. பாருக் கல்லுக்குப் பின்னாடி, பாசிக் காட்டுக்குள்ள. மடி அங்க வர முடியாது, கல்லு கிழிச்சுரும். கை நீளத்துக்கு இருபது உருப்படி பாத்தேன். ஏனோ அதை மட்டும் எடுக்க மனசு வரல. யாருகிட்டயும் சொன்னதில்ல. சொன்னா, காப்பாத்துவாகளா, இல்ல ஊருக்கே தெரிஞ்சு அதையும் அள்ளிருவாகளா?"

பவளம் வேலைக்குப் போகிற பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் தெரியலடா. ஆனா தண்ணி சுட்டா, நீ சொல்லாம வச்சிருந்தாலும் அது செத்துரும். அந்தப் பொண்ணு கேட்ட விதம் எப்படி இருந்துச்சு?"

"பிள்ளையைக் காணோம்னு கேக்குற மாதிரி இருந்துச்சு."

"அப்ப சொல்லு."

அவன் அங்கேயே நின்று பிரியாவுக்குப் போன் செய்தான்.

மாசியில் பிரியா அனுமதி வாங்கி அங்கே போனார். வழி காட்டப் படகில் கூடப் போனது சுப்ரியா. புருஷன் போனில் சொன்ன அடையாளங்களை வைத்துத் தேடினாள். இருபது இல்லை, ஒன்பது இருந்தன. அளந்து பார்த்து, தொந்தரவு செய்யாமல் விட்டுவிட்டு வந்தார்கள். அவ்வப்போது அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிற வேலையை பிரியா சுப்ரியாவுக்கே கொடுத்தார். அதன் பிறகு சுப்ரியா பவளத்துக்கு ஒருமுறை போன் செய்தாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் தெளிவாக இருந்தது என்று மட்டும் சொன்னாள்.

கோடை வந்தது. சித்திரையில் ஓசூரிலேயே யாரும் பார்க்காத வெயில். கடலோரத்தில் பவளப்பாறைகள் வெளுத்துவிட்டன என்று செய்தியில் சொன்னார்கள். அண்ணாதுரை செய்தி ஓடும்போது எழுந்து வெளியே போய்விடுவான்.

ஆனி முதல் வாரம், ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சுப்ரியா கூப்பிட்டாள். அண்ணாதுரை ஸ்பீக்கரில் போட்டான்.

"நாலுதான் இருக்குங்க" என்றாள் அவள். "மிச்சம் அஞ்சும் காணோம். மூணு நாளாத் தேடிட்டேன்."

அவன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "நாலும் கிட்டக்கிட்டக் கிடக்கா, தள்ளித் தள்ளிக் கிடக்கா?"

"ரெண்டு பக்கத்துல. மத்த ரெண்டும் அங்கொண்ணு இங்கொண்ணு. ஏன்?"

"சும்மாதேன். நல்லாப் பாத்துக்க."

போனை வைத்த பிறகு பவளம் கேட்டாள். "எதுக்குடா அதைக் கேட்ட?"

"அது மீன் மாதிரி தேடிப் போய்ச் சேராதுக்கா. ஆண் அது இருக்கிற இடத்துல பாலைத் தண்ணியில விடும். பெண் அதுபாட்டுக்கு முட்டையை விடும். ரெண்டும் கிட்டக்க இருந்தாத்தேன் தண்ணியில கலக்கும். தள்ளிக் கிடந்தா, உசுரோட இருந்தும் இல்லாத மாதிரிதேன்." கொஞ்சம் நிறுத்தி, "அந்த ரெண்டுல எது ஆணு எது பெண்ணுன்னு பாத்தாத் தெரியாது. ரெண்டும் ஆணாக்கூட இருக்கலாம்" என்றான்.

மாதவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்ப விடும்?" என்று பவளம் கேட்டாள்.

"பௌர்ணமி அமாவாசையை ஒட்டி. கோடைச் சூடு தணிஞ்சு கடல் குளிர்ற சமயம்."

சுவரில் இருந்த காலண்டரை அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். அமாவாசைக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. திரும்பி வந்து, தம்பியின் தட்டில் ஆறிப் போயிருந்த குழம்பின் மேல் கொஞ்சம் சூடான குழம்பை ஊற்றினாள். அவன் சாப்பிட ஆரம்பித்தான்.